கடைசித் தந்தி அடங்கும்வரை

மைக் செட் தொழிலில் சத்தம் நின்றால் குற்றம். எங்கள் கடற்கரை ஊரில் கோயில் திருநாளன்று பாட்டு ஒரு நொடி நின்றாலும், மொத்தக் கூட்டமும் திரும்பி மைக் செட்காரனைத்தான் முறைக்கும். அந்தப் பயத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் துபாய்க்கு வந்தேன். பக்கத்து ஊரான முவைலாவில் ரூம், ஹோட்டல் நிகழ்ச்சிகளுக்கு சவுண்ட் பார்க்கும் வேலை. இங்கேயும் சட்டம் அதேதான்: மேடையில் ஒருவர் முடித்த மறுகணம் ரெக்கார்டு இசை ஓட வேண்டும். அதில் நான் சூரன்.

போன வருஷம் ஒரு ஜப்பானிய அம்மா வாசிக்க வந்தார். கோத்தோ என்று ஆள் உயரத்துக்கு நீண்டு கிடக்கும் தந்தி வாத்தியம். ஒத்திகையில் அவர் கையை எடுத்ததும் நான் மைக்கை அடைத்து, இசையை ஏற்றினேன். அவர் முகம் சுண்டிப்போனது.

கூட வந்த மொழிபெயர்ப்புப் பெண் விளக்கினாள். கையை எடுத்த பிறகும் தந்தி அதிர்கிறதாம். அது மெல்ல அடங்கி, கேட்டவர் மனதில் தங்கும்வரை பாட்டு முடியவில்லையாம். அந்தத் தங்கலுக்கு அவர்கள் மொழியில் யோயின் என்று பெயர். வாசித்ததன் அழகே அதில்தான் இருக்கிறதாம். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் கோயில் மணி நின்ற பிறகும் காதில் ஒரு ரீங்காரம் இருக்கும். அதற்கும் ஒரு பெயர் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். ஹாலில் சத்தம் நின்றால் நாளை முதல் டியூட்டிக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்.

மாலை ஹால் நிறைந்திருந்தது. அந்த அம்மா கடைசித் தந்தியை மீட்டிக் கையை எடுத்தார். ஹெட்செட்டில் சூப்பர்வைசர் இந்தியில் அவசரப்படுத்தினார்.

"மியூசிக், பாய். ஜல்தி."

என் விரல் பழக்கத்தில் பட்டனுக்குப் போய்விட்டது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ருக்கோ பாய், பொறுங்க. இன்னும் முடியல."

அவர் கத்த ஆரம்பித்ததும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. ஓசை மெலிந்து, மெலிந்து, ஏசி இரைச்சலுக்குள் போனது. அதன் பிறகும் யாரும் அசையவில்லை. பிறகுதான் கைதட்டல் எழுந்தது.

அந்த அம்மா சபையை வணங்கினார். பின்வரிசைக்குப் பின்னால் இருந்த என் மேசைப் பக்கம் கையைக் காட்டி, இன்னொரு முறை குனிந்தார். ஹால் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பழக்க தோஷம், எந்த வயர் கழன்றதோ என்று தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், மேடை ஓரத்தில் நின்ற சூப்பர்வைசரும் சேர்த்து. பெருமையில் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கைதட்டல் ஓய்ந்த பிறகும், ரெக்கார்டு இசையைப் போட வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.