காவலுக்கு வைத்த பழைய பெட்டி

கணக்கு அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது, காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவர் செய்யும் இரண்டு வேலைகள். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போடுவார். பிறகு, மூலையில் சந்தனப் பொட்டோடு இருக்கும் பழைய கணினியின் முன்னால் உட்கார்ந்து, அதற்கும் இன்றைக்கு என்ன தேதி என்று சொல்லிக் கொடுப்பார். தினமும் காலையில் அந்தப் பெட்டி, தான் பல வருஷம் முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் விழிக்கும். அக்கா தேதியை மாற்றி, மணியை மாற்றி, திரையைப் பார்த்து ஒருமுறை தலையாட்டிய பிறகுதான் அந்த அலுவலகத்தில் இணையம் வரும். அந்தப் பெட்டியை முன்னிட்டுத்தான் அவர் வேலையை விட்டே போனார். போகும்போது அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான், அவரும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அது திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்த ஒரு முதலாளியின் அலுவலகம். வண்டிகள் வடக்கே எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். எந்த ஊரில் எத்தனை அடி போட்டார்கள், டீசல் எவ்வளவு போனது என்ற கணக்கெல்லாம் இங்கே வந்து சேரும். அக்காவின் கணவர் அந்த வண்டிகளில் ஒன்றின் ஓட்டுநர். வடக்கே ஒரு விபத்தில் அவர் போனபோது முதலாளியே நேரில் போய் உடலைக் கொண்டுவந்தார், காரியம் முடியும்வரை கூடவே இருந்தார், அடுத்த மாதமே அக்காவுக்குக் கணக்கு வேலை கொடுத்தார். மகளின் படிப்புக்கும் அவரே நின்றார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிட முடிந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் மனசு அரித்திருக்காது.

நான் அப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். தன் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெரு நூல் கம்பெனி ஒன்றின் கணினிக் கோப்புகளை எவனோ எங்கிருந்தோ இணையம் வழியாகப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கிறான் என்று கேள்விப்பட்டு, முதலாளி பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். வெளியிலிருந்து வரும் இணைய இணைப்புக்கும் அலுவலகக் கணினிகளுக்கும் நடுவில் ஃபயர்வால் வைக்கலாம், வருவதையும் போவதையும் அது சோதித்துத்தான் விடும் என்று சொன்னேன். வாய் சும்மா இராமல், அந்த மென்பொருளைப் பழைய கணினியில்கூடப் போடலாம் என்றும் சொல்லிவைத்தேன். முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த அவருடைய முதல் கணினியைக் காட்டினார். “இது வந்த பொறவுதானுங்க ரெண்டாவது வண்டியே வாங்குனேன். ராசியான பெட்டி. நம்மகிட்ட இருந்த டிரைவரு ஒருத்தரையும் நான் அனுப்புனதில்லீங்க சாமி. கண்ணு தெரியாம போச்சுன்னா கேட்டுல காவலுக்கு உக்கார வெச்சுருவேன். இதையும் அப்படியே உக்கார வெச்சுருங்க.” உண்மையிலேயே வாசலில் அப்படி ஒரு பழைய ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைக் கண்ணால் பார்க்காமல் வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் கும்பிட்டார்.

அந்தப் பெட்டி என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மென்பொருளின் புதிய பதிப்பை அதன் பழைய சிப் ஏற்கவே இல்லை. தேடிப் பிடித்துப் பழைய பதிப்பைக் கொண்டுபோனேன். பென் டிரைவிலிருந்து துவங்க அதற்குத் தெரியவில்லை. சிடி டிரைவ் பாதியில் இருமிவிட்டு நின்றுவிட்டது. வேறு டிரைவ் மாட்டினால், நிறுவும் வேலை முக்கால்வாசி போய் ஒரே இடத்தில் உறைந்து நின்றது. மெமரி அட்டைகளைக் கழற்றி, அவற்றின் செம்புப் பற்களை அழிரப்பர் வைத்துத் தேய்த்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்ததில் ஒன்று செத்திருந்தது. அதற்கப்புறம் இரண்டாவது நெட்வொர்க் கார்டை அடையாளம் தெரியவில்லை என்றது. அக்கா தன் வேலைக்கு நடுவில் டீ கொண்டுவந்து வைப்பார். “ஏனுங்க தம்பி, புள்ளைக்கு உடம்பு தேவலைங்களா?” என்று பெட்டியைக் காட்டிக் கேட்பார். “இன்னும் ஊசி போட்டுக்கிட்டுத்தான் இருக்கேனுங்கக்கா” என்பேன். முதலாளியிடம் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே பெட்டியின் மேல் இருந்த தூசியை வேட்டி முனையால் துடைத்தார். அதுதான் பதில்.

கடைசியில் ஒரு வழியாக அது ஓடியது. மறுநாள் காலையில் தொலைபேசி வந்தது, இணையமே இல்லை என்று. போய்ப் பார்த்தால் பெட்டியின் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி வைக்கும் இடம் துருப்பிடித்து உடைந்திருந்ததால் புது பேட்டரி போட்டும் நிற்கவில்லை. கரண்ட் இருக்கும்வரை தேதி சரியாக இருக்கும், போனால் மறந்துவிடும். தேதி தவறானால் அந்தப் பெட்டிக் காவல்காரன் எந்த இணையதளம் காட்டும் தேதி போட்ட அத்தாட்சியையும் நம்ப மாட்டான், எல்லாரையும் வாசலிலேயே நிறுத்திவிடுவான். அப்படியானால் கரண்டை நிறுத்தாமல் விட்டால் போதும் என்றேன். முதலாளிக்கோ, அலுவலகத்தைப் பூட்டும்போது சாமி கும்பிட்டு மெயின் சுவிட்சை இறக்குவது பல வருஷப் பழக்கம். “பூட்டின ஊட்டுக்குள்ள கரண்ட் இருக்கக் கூடாதுங்க” என்றார். பெட்டியை மாற்ற முடியாது, மெயினையும் மாற்ற முடியாது. அப்போது அக்காதான், “நாள்காட்டி கிழிக்கறது நாந்தானுங்களே, அதோட சேத்தி இதையும் பாத்துக்கறேன்” என்றார். எல்லாருக்கும் நிம்மதியாகப் போயிற்று. ஒரு அலுவலகத்தின் பாதுகாப்பே ஒரு பெண் தினமும் நேரத்துக்கு வருவதில் தொங்குகிறது என்று எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் ஒரே மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள வந்தார். நல்ல பையன்தான், கொஞ்சம் அவசரக்காரர். ஒருநாள் அக்கா நாத்தனார் வீட்டு இழவுக்கு, முதலாளியிடம் சொல்லிவிட்டு, பரமத்தி வேலூர் போயிருந்தார். அன்று காலை இணையம் வரவில்லை. மாப்பிள்ளை என்னைக் கூப்பிடவும் இல்லை, அக்காவைக் கேட்கவும் இல்லை. பெட்டிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி, வெளி இணைப்பை நேராக அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டார். இணையம் பறந்தது. மறுநாள் அக்கா வந்து வழக்கம்போல் தேதியை மாற்றினார், திரை எல்லாம் சரி என்றது, அவரும் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். யாரும் வராத வாசலில் காவல்காரன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த வாரமே அலுவலகக் கோப்புகள் மொத்தமும் பூட்டப்பட்டன. வருஷக்கணக்கான அடிக்கணக்கு ஒரு காலையில் போய்விட்டது. நான் போய்ச் சேருவதற்குள், வண்டிகளிலிருந்து லீவில் வந்திருந்த ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் முதலாளி அக்காவைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். “தேதி மாத்தறது உன்ற வேலதான? லீவு போட்டுட்டுப் போயி என்ற பொழப்புல மண்ணப் போட்டுட்டயே.” அந்த ஆட்களில் பாதிப் பேர் அக்காவின் மாமியார் ஊர்க்காரர்கள். அவர் பஸ் ஏறி வீடு போவதற்குள் பேச்சு ஊருக்குப் போய்விட்டது. கவனக்குறைவு என்று கிளம்பிய பேச்சு, சாயங்காலத்துக்குள் கணக்கைப் போட்டிக் கம்பெனிக்கு விற்றுவிட்டாள் என்று ஆகியிருந்தது.

நான் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தபோது ஒயர் இடம் மாறியிருந்தது. யார் மாற்றியது என்று கேட்டேன். மாப்பிள்ளை கொஞ்சமும் யோசிக்காமல், “நாந்தானுங்க. அன்னைக்கு நெட்டே வரலை. நேரா மாத்துனேன், ஜம்முனு வந்துருச்சு” என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விஷயம் புரிந்தது. முகம் வெளுத்துப்போய் வெளியே போய்விட்டார். நான் நேராக முதலாளியின் அறைக்குப் போனேன். அக்கா தேதி மாற்றாமல் விட்டிருந்தால் இணையம் நின்றிருக்குமே தவிர எவனும் உள்ளே வந்திருக்க முடியாது, ஒயரை மாற்றியதால்தான் வந்தான், மாற்றியவர் இன்னார் என்று உடைத்துச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியுமுங்க சாமி. ஒயர மாத்துனேன்னு மாப்பிள்ளை காலைலயே வெகுளியாச் சொல்லிட்டாரு, எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு” என்றார். “அப்பறம் என்னங்க?” என்றேன். “கட்டிக் குடுத்து ஆறு மாசம் ஆகலை. ஆளுகளுக்கு முன்னால மாப்பிள்ளைய நிக்க வெச்சுக் கேக்க முடியுங்களா? எம்பட பொண்ணு நாளைக்கு அந்த ஊட்ல வாழோணுமுங்களே.”

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பேச்சே கிடையாது. மாப்பிள்ளை சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட வீடே நடுங்கும். அவரைக் குற்றவாளி என்று மாமனார் சொல்வதாவது! முதலாளியும் சும்மா இருந்துவிடவில்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அக்காவைக் கூப்பிட்டு, என்னையும் வைத்துக்கொண்டு, “தப்பு இந்த மெஷின் மேலதாம்மா. கெழட்டுப் பெட்டி, காவலு காக்க முடியலை. தூக்கிப் போட்டரலாம். நீ எப்பவும்போல வேலைக்கு வா” என்றார். ராசிப் பெட்டியைத் தூக்கிப் போடுகிறேன் என்று அந்த மனிதர் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அவர் கண் கலங்கியிருந்தது.

அக்கா நின்றுகொண்டே பேசினார். “நீங்க எங்குடும்பத்துக்குச் செஞ்சதுக்கு நான் செருப்பாக்கூட இருப்பனுங்க. ஆனா மெஷின் மேல போட்டீங்கன்னா, பாவமேன்னு என்னைய உட்டுட்டீங்கன்னுதானுங்க ஊரு பேசும். ஆளுக முன்னால திட்டுனீங்க. அதே ஆளுக முன்னால, இந்தப் பொண்ணு தப்புப் பண்ணலைன்னு ஒரு வார்த்த சொல்லீருங்க. யாரு பண்ணுனதுன்னு நீங்க சொல்ல வேண்டாமுங்க, நானும் சொல்ல மாட்டேன்.” முதலாளி வாயைத் திறந்தார். வெளி அறையில் மாப்பிள்ளை ஆட்களிடம் பேசும் குரல் கேட்டது. அவள் செய்யவில்லை என்றால் அடுத்த கேள்வி யார் என்பதுதானே. அவர் வாயை மூடிக்கொண்டார். அக்கா சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, “போயிட்டு வாரேனுங்க” என்று கும்பிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் நான் கைக்கு அடக்கமான புதிய ஃபயர்வால் பெட்டிகளைத்தான் மாட்டுகிறேன். தேதியை அவை தாங்களே பார்த்துக்கொள்ளும். அக்கா பரமத்தி வேலூரில் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். மகள் படித்து முடித்துவிட்டாள். கணக்கை விற்ற பேச்சு இன்னும் அவர் மாமியார் ஊரில் அழியவில்லை. மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம் அதனாலேயே தட்டிப்போனது. போன மாதம் முதலாளியின் பேரனுக்குக் காதுகுத்து. என்னையும் கூப்பிட்டிருந்தார், அக்காவையும் கூப்பிட்டிருந்தார். அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

முதலாளி ரொம்பத் தளர்ந்துவிட்டார். அக்காவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டுத் தடுமாறி எழுந்தார். பழைய வண்டி ஆட்கள், சொந்தக்காரர்கள், பக்கத்திலேயே மாப்பிள்ளை, எல்லாரும் இருந்தார்கள். அவர் அக்காவின் தலையில் கை வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “இது எனக்கு மக மாதிரிங்க. இன்னொரு மக” என்றார். சுற்றியிருந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள், ஒரு அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அக்கா அவரைப் பார்த்தபடியே நின்றார். “சாப்புட்டுத்தான் போகோணும்” என்றார் முதலாளி. “சரிங்க” என்றார் அக்கா.

பஸ் நிறுத்தத்தில் மகள் தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போனாள். பெரியவர் உங்களை மறக்கவே இல்லை பாருங்கள் என்று ஏதோ சொல்லி வைத்தேன். அக்கா பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புள்ளைய எதுக்குங்க கூட்டியாந்தேன்? இன்னைக்காச்சும் சொல்லீருவாரு, அவளும் காதுல கேக்கட்டுமுன்னுதான். மக மாதிரின்னாரு தம்பி. நான் அதையவா கேட்டேன்?”