அப்பா முதுகில் சுமந்தவர்

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. அந்த அறையில் நான் இருந்தேன். குடிக்கவில்லை. தூங்கவில்லை. என் பெயர் கிரிசாந்தா. பிலிப்பைன்ஸின் வடக்கே, இலோகோஸில் பூண்டு பயிரிடும் குடும்பம் எங்களுடையது. 2008 மார்ச்சில் என் அப்பா பிரிமிதிவோ இறந்து, அடக்கத்துக்கு முந்தின மாலை நடந்தது இது.

அப்பாவைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. கழுத்தில் ஜெபமாலை இல்லாமல் வயலில் இறங்க மாட்டார். வருடா வருடம் பெரிய வெள்ளியன்று கோயில் சிலுவையைத் தூக்கியவர். எனக்கு ஏழு வயதில் விஷக்காய்ச்சல் வந்தபோது, என்னை முதுகில் கட்டிக்கொண்டு வெள்ளம் போகிற ஆற்றைக் கடந்தார். மூச்சு வாங்க வாங்க 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே போனார். அந்த முதுகைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவருக்கு ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அந்த முதுகுதான். கொரியப் போரில், பனிமலையில் படை பின்வாங்கியபோது, காலில் குண்டு பட்ட நண்பன் கவுதென்சியோவைக் கீழே விடாமல் சுமந்துகொண்டு ஓடினார். முகாமில் இறக்கியபோது நண்பன் உயிரோடு இல்லை. அப்பாவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பங்குச் சாமியார் இதைச் சொல்லாத பிரசங்கம் குறைவு.

அன்று ஆறரைக்கு ஜெபம் முடிந்தது. கூடத்தில் பெட்டி. கண்ணாடி மூடியின் கீழே அப்பா. ஆளுக்கொருவராக எழுந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். வெளியே தார்ப்பாயின் கீழே சீட்டாட்டம், கரும்புச் சாராயம், சிரிப்பு. துக்க வீட்டில் சிரிப்பு நிற்கக் கூடாது எங்களுக்கு.

அப்போதுதான் அவன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். வாசலில் பக்கத்து வீட்டு சபாஸ் கிழவர் மடக்கினார்.

"யாருப்பா நீ? பிரிமிதிவோவை உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே படையில இருந்தோம்."

"அடேயப்பா! அப்ப உனக்கும் எண்பது ஆவுதா? என்ன மருந்து சாப்பிடுற? எனக்கும் ரெண்டு வாங்கிக் குடு!"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. யாரோ பழைய சிப்பாயின் பேரன், ஏதோ தவறாகச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

ஆனால் அவன் உள்ளே வந்த விதம்... நேராக வரவில்லை. சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் நகர்ந்து வந்தான். முதுகைச் சுவரிலிருந்து எடுக்கவே இல்லை. மூலை நாற்காலியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். காப்பி கொடுத்தேன். அவன் விரல் என் விரலில் பட்டது. ஐஸ்கட்டி. வெளியே புழுக்கத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

மரக்கால்கள்மேல் நிற்கும் எங்கள் வீட்டுக்கடியில் படுத்திருந்த நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து போயின. குரைக்கவில்லை.

என் அண்ணன் தெயோதுலோ பேசிக்கொண்டிருந்தார். அதே பனிமலைக் கதை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்தார்.

"எங்க அப்பா அவரைக் கீழ விடவே இல்ல!"

"ஆமா," என்றான் அவன். "விடல."

எல்லாரும் திரும்பினோம்.

"கெஞ்சினேன். விடல."

"நீ... யாரு?" அண்ணன் கேட்டார்.

"சுட்டவங்க பின்னாடி வந்தாங்க. நான் அவன் முதுகுல இருந்தேன்."

வெளியே சீட்டுப் போடும் சத்தம் நின்றிருந்தது. டொக்... டொக்... எங்கோ தண்ணீர் சொட்டியது. அவன் நாற்காலியின் கீழே.

"கால்ல மட்டும்தான் எனக்கு அடி. விட்டுட்டுப் போயிருந்தா கைதியாத்தான் போயிருப்பேன். ஒருநாள் வீட்டுக்கு வந்திருப்பேன். என் ரெண்டு கையையும் முன்னாடி இழுத்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே'. நல்லா ஜெபம் பண்ணுவான்."

"வெளிய போடா!" அண்ணன் கத்தினார். ஆனால் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"நீ உட்காரு, துலோ." அம்மா. அழாத கண்களோடு அவனைப் பார்த்தாள். "ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க."

அவன் எழுந்தான்.

சுவரை விட்டு விலகினான்.

பெட்டிமேல் குனிந்தான்... அவன் முதுகு எங்கள் பக்கம் திரும்பியது.

முதுகு இல்லை.

கிழிந்த சட்டை. அதற்குள் கறுப்பாக ஓட்டைகள். ஒன்றின் வழியாக, அந்தப் பக்கம் எரிந்த மெழுகுவர்த்தி தெரிந்தது.

"பிரிமி," என்றான் மெல்ல. "தூக்கு."

கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு.

மெழுகுவர்த்திகள் அணைந்தன.

மணி ஏழு பத்து. விளக்கோடு சபாஸ் ஓடி வந்தபோது அவன் இல்லை. வாசலில் இருபது பேர் இருந்தார்கள். யாரும் வெளியே போனதைப் பார்க்கவில்லை.

மறுநாள் அப்பாவின் பெட்டியை ஆறு பேரால் அசைக்க முடியவில்லை. பத்துப் பேர் தூக்கினார்கள். கடைசி வருடத்தில் எலும்பும் தோலுமாகப் போன மனிதர் அவர். சபாஸ்கூட கேலி பேசவில்லை.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஐம்பது வருஷம் பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா? தூக்கத்துல பேசுவாரு. 'அசையாதடா... அசையாத...' ஜெபம் பண்ற குரல்லதான் சொல்லுவாரு."

அதன்பிறகு ஆற்றைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகிறது.

ஆறு வருடம் கழித்து அம்மாவும் போனாள். சாவதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொன்னாள். "என்னை அவரோட வைக்காதீங்க."

அண்ணன் கேட்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்றார். எங்கள் வழக்கப்படி, பழைய எலும்புகளைச் சாக்கில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அதே கல்லறையில் அடுத்த பெட்டியை வைப்பார்கள். அண்ணனும் நானும் நின்று பார்த்தோம். சிமெண்டை உடைத்து, கல்லறைக்காரர் உளுத்துப்போன மூடியை நீக்கினார். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா... ஆளைக் குப்புறப் போட்டு, அவர் முதுகுமேல இன்னொருத்தரை ஏன் வச்சு மூடினீங்க?"