பிழையான பக்கத்தில் சரியான வாசகம்

இதை எழுதலாமா என்று பல வருடம் யோசித்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கோயிலில் நடந்ததை எழுதினால் தேவ தூஷணம் என்பார்களோ என்ற பயமும் இருந்தது. மகள் வளர்ந்து, "எழுதுங்கோ அப்பா" என்று அவளே சொன்ன பிறகு எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில், நாங்கள் குடியேறிய பிரெஞ்சு மாகாணத்தில், லாசாலில் ஒரு தொடர்மாடியில் இருந்தோம். கீழ்வீட்டில் ஒரு சீனக் குடும்பம். வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். ஆனால் அந்தத் தாய் இங்கேயே ஆங்கிலத்தில் படித்தவர். அதனால் மகனையும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் விட முடிந்தது. சனிக்கிழமைச் சீன வகுப்பில் அவன் பாடத்தைக் கடகடவென்று ஒப்புவிப்பான். ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தால் முதலெழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகிப்பான். இரண்டு மொழி பிள்ளையைக் குழப்புகிறது, சீனத்தை நிறுத்துங்கள் என்று ஆசிரியை சொன்னாராம். தாய் நிறுத்தவில்லை, சோதிக்கக் கொண்டுபோனார். டிஸ்லெக்சியா என்றார்கள். அறிவில் குறையில்லை, எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில்தான் சிக்கல். சீனப் பாடத்தையும் அவன் பாதி மனப்பாடத்தில் ஓட்டியது அப்போதுதான் தெரிந்ததாம்.

அந்தப் பிள்ளைக்காகச் செபமாலை சொன்னேன். என் மகளுக்கு அப்படியொன்றும் இல்லாததற்கு நன்றியும் அதே மூச்சில் சொன்னேன். அவளுடைய பிரெஞ்சு ஆசிரியை, வாசிப்பு மந்தம் என்று எங்களை இரண்டு தரம் கூப்பிட்டிருந்தார். எங்கள் பிள்ளையின் அருமை அவருக்கு விளங்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல்நன்மைப் பூசையில், வேதாகமத்தின் முதலாம் வாசகத்தைத் தமிழில் வாசிக்க மகளுக்குக் கிடைத்தது. வேலையால் வந்து வாசகத் தாளை நான் வாசித்துக் காட்டுவேன், அவள் திருப்பிச் சொல்வாள். அன்றைக்குக் கீழ்வீட்டுக்காரரையும் அழைத்திருந்தோம். மகள் ஒரு சொல்லும் தடக்காமல் வாசித்து இறங்கினாள். அடுத்த வாசகத்துக்கு ஏறிய அண்ணை பார்த்தால், புத்தகம் போன கிழமைப் பக்கத்தில் திறந்து கிடக்கிறது.

கோயில் மண்டபத்தில் சோறு போடுமுன்பே, பிழையான பக்கத்தில் சரியான வாசகம் வந்தது அதிசயம் என்று முடிவாகிவிட்டது. பரிசுத்த ஆவி என்றார் ஒருவர். நானும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன், தாழ்ச்சியோடுதான்.

கீழ்வீட்டுத் தாய்க்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. அவர் என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, பிள்ளையின் கண் வரிகளில் நகரவேயில்லை, என் மகனும் இப்படித்தான், சோதித்துப் பாருங்கள் என்றிருக்கிறார். பரிசுத்த ஆவிக்கு இவர் டிஸ்லெக்சியா என்று பெயர் வைக்கிறாரே என்று எனக்குக் கோபம்.

அவரைப் பொய்யாக்கவே வீட்டுக்கு வந்து வாசகத் தாளை மகளிடம் நீட்டி, நடுவில் ஒரு வரியைக் காட்டினேன். அவள் முதல் வரியைத் தொடங்கினாள். இங்கேயிருந்து என்று திரும்பவும் காட்டினேன்.

"நடுவிலயிருந்து எனக்கு வராதப்பா."

அழவில்லை. எனக்கு அது தெரியும் என்றே நினைத்திருக்கிறாள்.

மனைவி தாளை வாங்கி மடித்தாள். "நீங்கள் அதிசயத்தைச் சொல்லிக்கொண்டு திரியுங்கோ. நான் நாளைக்குப் பள்ளிக்கூடம் போறன்."

நானும் கூடப் போனேன். வீட்டில் தமிழைக் குறையுங்கள் என்று அங்கேயும் ஒருவர் தொடங்கினார். இரண்டு மொழியால் இது வருவதில்லை, முதலில் சோதியுங்கள் என்ற பதிலைக் கீழ்வீட்டுத் தாய் எங்களுக்கு முதலே சொல்லித் தந்திருந்தார். சோதித்தார்கள். அதே பெயர்தான். தனியாக ஓர் ஆசிரியை இருந்து எழுத்துக் கூட்டப் பழக்கினார். மகள் இன்றும் மெதுவாகத்தான் வாசிப்பாள், ஆனால் வாசிப்பாள்.

அதற்கிடையில் அதிசயத்தைக் கேள்விப்பட்டுப் பக்கத்து லவாலிலிருந்து ஓர் அக்கா, பரீட்சை எழுதவிருந்த தன் மகனைக் கூட்டிவந்து, என் மகளின் கையை அவன் தலையில் வைக்கச் சொன்னார். உள்ளதைச் சொன்னேன். "என்ன தாழ்ச்சி பாருங்கோ" என்று சொல்லி, கையைப் பிடித்து இன்னும் அழுத்தி வைத்தார்.

இப்போது லவாலில் சொல்லும் கதையில், வாசித்த மகளின்மேல் ஒளியும் இறங்கிவிட்டதாம். அதனால் ஒரு வேண்டுகோள். வாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளை உள்ள வீடுகளில் இதைச் சொல்லுங்கள். ஒளி, சிறகு விரித்த சம்மனசு ஒன்றும் சேர்க்க வேண்டாம். கீழ்வீட்டுத் தாயை விட்டுவிடவும் வேண்டாம். ஆண்டவர் அன்றைக்கு அனுப்பியது அவரைத்தான் என்று நான் நம்புகிறேன்.