சீர்வரிசை ஃபிரிட்ஜுக்கு ரப்பர் மாற்றியது

என் வாழ்க்கையில் செய்யாத குற்றத்துக்காக நான் மன்னிக்கப்பட்டது ஒரே ஒரு முறைதான். செய்த குற்றங்களுக்காக வாங்கிய அடிகளையெல்லாம் எப்போதோ மறந்தாயிற்று. அவற்றில் ஒரு நியாயம் இருந்தது. விவகாரம் அதோடு தீர்ந்தது. அந்த மன்னிப்பைத்தான் இத்தனை வயதாகியும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தலைமுடி போய், சர்க்கரை வந்து, மூக்குக்கண்ணாடி இல்லாமல் மருந்துச் சீட்டைப் படிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் யார் வீட்டிலாவது ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் இளித்துக்கொண்டு நின்றால், அரை டிராயர் போட்ட பையனாகி, “நான் இல்லை” என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது.

அது எங்கள் ஃபிரிட்ஜ் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்பா அதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது அத்தையின் ஃபிரிட்ஜ். இன்னும் சரியாகச் சொன்னால், அத்தையைக் கட்டிக்கொள்ளப் போகிறவரின் ஃபிரிட்ஜ். அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை. பொம்மையார்பாளையத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. கட்டில், பீரோ, பாத்திரம் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பேச்சின் நடுவில், மாப்பிள்ளையின் பெரியப்பா எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்தபடி, இந்தக் காலத்தில் ஃபிரிட்ஜ் இல்லாமல் யார் இருக்கிறார்கள் என்று பொதுவாகக் கேட்டுவைத்தார். நாங்கள் இருந்தோம். மரக்காணத்தில் எங்கள் தெருவே அப்படித்தான் இருந்தது. அதைச் சொல்லும் இடம் அதுவல்ல என்பது அப்பாவுக்குத் தெரியும்.

கல்யாணம் ஆவணியில். ஃபிரிட்ஜ் பங்குனியிலேயே வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் புதிதாக அறை கட்டிக்கொண்டிருந்தார்கள், பூச்சு வேலை முடியவில்லை. “அதுவரிக்கும் உங்க ஊட்லயே இருக்கட்டும்ங்க” என்றார் பெரியப்பா. வாசல்வரை போனவர் திரும்பி, “சும்மா நிறுத்தி வெச்சிடாதீங்க, மெஷினு கெட்டுப்பூடும். ஓட்டிக்கினே இருங்க” என்று ஒரு பொறுப்பையும் எங்கள் தலையில் வைத்துவிட்டுப் போனார். இப்படியாக அந்த வருஷத்துக் கோடையில், எங்கள் ஓட்டு வீட்டுக் கூடத்தில், மாப்பிள்ளைக்கு முன்னால் மாப்பிள்ளையின் ஃபிரிட்ஜ் வந்து குடியேறியது.

மாப்பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய மரியாதையெல்லாம் அதற்குக் கிடைத்தது. மரத்தில் ஸ்டாண்டு செய்து அதன்மேல் ஏற்றினார்கள். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். உடம்பைச் சுற்றியிருந்த பாலித்தீன் உறையைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு. கதவு திறக்கும் இடத்தில் மட்டும் அத்தை கத்தரிக்கோலால் கீறிவிட்டாள். பிறகு அப்பா சட்டங்களை அறிவித்தார். மீன் வைக்கக் கூடாது, நாற்றம் பிடிக்கும். மாவு வைக்கக் கூடாது, பொங்கி வழியும். குழம்பு வைக்கக் கூடாது, மஞ்சள் கறை போகாது. தண்ணீரும் எலுமிச்சம்பழமும் வைக்கலாம். வங்கக் கடலோரத்தில் ஃபிரிட்ஜ் வைத்துக்கொண்டு, மீனை வெளியே வைத்துக் கெடவிட்ட குடும்பம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். எனக்கென்று தனியாக ஒரு சட்டமும் இருந்தது: கதவைத் தொடக் கூடாது. அந்த வீட்டில் யாருக்கு ஃபிரிட்ஜ் வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. அம்மா அதே உப்பளத்தில் உப்பு சுமந்தாள். விடிவதற்கு முன்னால் போய், வெயில் உச்சிக்கு ஏறும்போது திரும்பி வருவாள். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் பாதங்கள் வரப்பு மண்போல வெடித்திருக்கும். வந்ததும் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துகொண்டு நிற்பாள். உள்ளேயிருந்து வெள்ளையாகப் புகைபோல ஒன்று இறங்கி அவள் கால்மேல் விழும். “இன்னாம்மா பண்றே?” என்று கேட்டால், “எலுமிச்சம்பயம் தேடறேன்” என்பாள். இருப்பதே ஒரு எலுமிச்சம்பழம். அது அவ்வளவு பெரிய வெள்ளைப் பெட்டியில் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அப்பா வீட்டில் இருந்தால், “கதவத் தொறந்து வெச்சிக்கினு நிக்காத. அது நம்முது இல்ல” என்பார். அவள் உடனே மூடிவிடுவாள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஃபிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். கதவின் உள்பக்கம் நான்கு ஓரத்திலும் ஓடும் சாம்பல் நிற ரப்பர், கீழ்ப்பக்கத்தில் கிழிந்து நாக்குபோல் தொங்கியது. கதவு மூடவில்லை. உள்ளே இருந்த குளிர் எல்லாம் மரக்காணத்தைக் குளிர வைக்கப் போய்க்கொண்டிருந்தது.

விசாரணை தொடங்கியது. சாட்சி இல்லை, வக்கீல் இல்லை.

“டேய், இங்க வா. கதவுல தொங்கினியா?”

“இல்லப்பா.”

“பின்ன? ஃபிரிட்ஜே தன்னத்தானே கட்ச்சிக்கிச்சா?”

தொங்கியது உண்மை. ஆனால் அது சித்திரையில். அப்போது ரப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. தவிர, நான் தொங்கியது மேலே, கைப்பிடியில். கிழிசல் இருந்ததோ கீழே. தொங்கிக் கிழிந்தால் தாறுமாறாகப் பிய்ந்திருக்க வேண்டும். இது பள்ளிக்கூட அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. இவ்வளவு தடயங்களையும் நான் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அப்பா என் விரலைப் பார்க்கவில்லை. பிரம்பு எங்கே என்று பார்த்தார்.

அப்போதுதான் அம்மா குறுக்கே வந்தாள். “அடிக்காதீங்க. கொயந்த. தெரியாம செஞ்சிட்டான், வுடுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு டம்ளரை நசுக்கியதற்காகத் தெருமுனைவரை என்னைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தவள் அவள். “நான் செய்யலம்மா!” என்றேன். அவள் என் தலையைத் தடவினாள். “சரி கண்ணு, செஞ்சாதான் இன்னா இப்போ.” அந்தத் தடவலில் என் வழக்கு முடிந்தது. பிரம்படியாவது வாங்கியிருந்தால் அடிபட்ட நிரபராதி என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். பெற்ற தாயே மன்னித்துவிட்ட பிறகு எந்தக் கோர்ட்டில் போய் அப்பீல் செய்வது?

அதோடு அம்மா நிற்கவில்லை. அத்தையைக் காட்டி, “கியிஞ்ச பொருளக் குடுத்து அனுப்பினா, அவங்க ஊட்ல இவ எப்படித் தல நிமுந்து நிப்பா?” என்று அப்பாவிடம் கேட்டாள். “இவளுக்குப் புதுசா ஒண்ணு எட்த்துக் குட்துடுங்க. இது இங்கியே கெடக்கட்டும். பழசுதானே.”

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க அண்ணி மாரி யாருக்கு வரும்?” என்றாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குற்றவாளியாகிய நான் ஓரமாக நின்று இந்தப் பாசக் காட்சியைப் பார்த்தேன்.

அப்பா நெகிழவில்லை. இன்னொரு ஃபிரிட்ஜ் என்பதைக் காதில் வாங்கவே அவர் தயாராக இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிடவும் வழியில்லை. அந்தப் பக்கத்துக்கு இருந்த ஒரே ஃபிரிட்ஜ் மெக்கானிக் கோட்டக்குப்பத்துக்காரர். மாப்பிள்ளை வீட்டுக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம். அவர் ஸ்குரூடிரைவரை எடுப்பதற்குள் செய்தி பெரியப்பாவுக்குப் போய்விடும். கல்யாணத்துக்கு முன்பே சீர்ப் பொருளைக் கிழித்த குடும்பம் என்ற பெயர் அத்தைக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் நுழைந்துவிடும். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “ரப்பர்தானே? நானே மாத்தறேன்.”

பாண்டிச்சேரிக்குப் போய், கம்பெனி பெயரையும் அளவையும் சொல்லி, புது ரப்பர் வாங்கி வந்தார். கடைக்காரர் அதைப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி மடித்துக் கொடுத்திருந்தார். பிரித்தால் அங்கங்கே நெளிந்து நின்றது. “வெயில்ல போட்டா நிமுந்துக்கும்னு சொன்னாரு” என்றார் அப்பா. வெயிலில் போடுவதென்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். கருவாடானாலும் துவைத்த துணியானாலும், மணலில் விரிப்பது. கொல்லையில் கடல் மணல் கொட்டி மேடாக்கியிருந்தோம். அப்பா ரப்பரைச் சதுரமாக அதில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, வேலைக்குப் போய்விட்டார். காக்கா வராமல் பார்த்துக்கொள்ளும் தண்டனை எனக்கு. ரப்பரைக் காக்கா தின்னாது என்று வாதாடும் நிலையில் நான் இல்லை.

மத்தியானம் அப்பா வந்து ரப்பரைத் தூக்கினார். ரப்பர் வரவில்லை, ஒரு கம்பளிப்பூச்சி வந்தது. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாக, பொசுபொசுவென்று, மயிர் முளைத்திருந்தது.

எங்கள் கடற்கரை மணலில் கருமணல் கலந்திருக்கும். அது காந்தத்தில் ஒட்டும். ரப்பருக்குள் காந்தப் பட்டை வைத்திருக்கிறார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியாது. கதவு ‘பச்சக்’கென்று ஒட்டுவதை, மெஷின் உள்ளேயிருந்து மூச்சு இழுப்பதாகத்தான் அவர் அதுவரை எல்லோருக்கும் விளக்கிவந்தார். உதறினார், உதிரவில்லை. தண்ணீர் ஊற்றினார், மயிர் படிந்து வாரிவிட்டதுபோல் ஆனது. “பாண்டிக்காரன் பூஞ்ச புட்ச்ச ரப்பர தலைல கட்டிட்டான்” என்று ஒரு நகரத்தையே ஏசினார். நான் ஒரு ஆணியை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். ‘டக்’கென்று ஒட்டியது. “அப்பா, இது காந்தம்” என்றேன். “நீ பேசாத. எல்லாம் உன்னாலதான்” என்றார். அறிவியல் இந்த நாட்டில் எப்படி வளரும்?

அம்மா அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “புதுசே எட்த்துடலாங்க” என்றாள்.

அத்தைதான் வழி கண்டுபிடித்தாள். சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, ரப்பரின்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மாவு மணலை வாங்கிக்கொண்டது. சாயங்காலம்வரை நானும் அவளும் உட்கார்ந்து ஒற்றினோம். கறுத்துப்போன உருண்டைகளைக் கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறுவை சிகிச்சை. கதவின் உள்பக்கத்து பிளாஸ்டிக் பலகையைச் சுற்றி வரிசையாக ஸ்குரூ. அதன் இடுக்கில்தான் ரப்பரின் விளிம்பு செருகியிருக்கும். ஸ்குரூக்களைக் கொஞ்சம் தளர்த்தி, பழையதை உருவி, புதியதைச் செருகி, மறுபடி முடுக்கினால் போதும். அந்த விவரம் எனக்கு இப்போது தெரியும். அப்பா அன்றைக்கு எல்லா ஸ்குரூவையும் முழுசாகக் கழற்றினார். நாலு மாத உப்புக் காற்றில் அவை அதற்குள் துருப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை தேவைப்பட்டது. கடைசி ஸ்குரூ வந்ததும் பலகை முழுசாகக் கழன்று, உள்ளே அடைத்திருந்த கண்ணாடிப் பஞ்சு அப்பாவின் மார்பில் சரிந்தது. மெத்தைப் பஞ்சு என்று நினைத்துக் கையால் அள்ளி உள்ளே திணித்தார். சற்று நேரத்தில் அரிப்பு தொடங்கியது. மாப்பிள்ளையின் ஃபிரிட்ஜ் முன்னால் எங்கள் வீட்டு மேஸ்திரி ஆடிய ஆட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சிரித்தேன். அதற்கு மட்டும் அடி கிடைத்தது. அது நியாயமான அடி.

“இன்னாத்துக்குங்க இந்த அவஸ்த?” என்றாள் அம்மா. “புதுசே எட்த்துடலாம்.”

“நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?”

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். போகும்போது அவள் முகத்தில் இருந்தது அப்பாமேல் உள்ள பரிதாபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் ரப்பர் உட்கார்ந்தது. நான் கதவைத் தாங்க, அத்தை மூலைகளை விரலால் அழுத்த, அப்பா சொறிந்துகொண்டே முடுக்கினார். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தார். மேலே, வரவில்லை. பக்கவாட்டில், வரவில்லை. கீழே, நான் கிழித்ததாகச் சொல்லப்பட்ட அதே இடத்தில், தாள் கிழிந்ததே தவிர வரவில்லை. அப்பா கப்பல் கட்டி முடித்தவர்போல் நிமிர்ந்தார். “வந்து பாரு!” என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா வந்தாள். கதவை ஒரு முறை திறந்து மூடினாள். “நல்லா ஒட்டிக்கிச்சிங்க” என்றாள். சோறு பொங்குகிறது என்று திரும்பிப் போய்விட்டாள். அன்று ராத்திரிச் சோறு குழைந்திருந்தது.

ஆவணியில் கல்யாணத்துக்கு முந்தின வாரம் டெம்போ வந்தது. பெரியப்பா தன் கையால் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, “புதுசு புதுசாவே இருக்குதுங்க” என்று சர்டிபிகேட் கொடுத்தார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், உன் குற்றத்தை மறைத்துவிட்டேன் பார் என்ற பெருமை இருந்தது. பாலித்தீன் உறை படபடக்க ஃபிரிட்ஜ் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனது. பின்னாலேயே அத்தையும் போனாள்.

கல்யாணக் களேபரம் அடங்கிய பிறகு ஒரு நாள், அம்மா உப்பளத்திலிருந்து வந்தாள். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். நான் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“டேய், அந்த ரப்பர நீ கியிக்கலடா. எனக்குத் தெரியும்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பென்சில் முனை ஒடிந்தது. “தெரியும்னா அன்னிக்கே அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொல்லியிருக்கலாம்” என்றாள். சிரிப்பு என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவள் உதட்டில் வந்து நின்றது. என் தலையைத் தடவ வந்த கையை நான் தட்டிவிட்டேன்.

அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. சோற்றைத் தொடவில்லை. என்ன அக்கிரமம் இது! ஊரறியக் குற்றவாளி ஆக்கிவிட்டு, எல்லாம் முடிந்தபிறகு, யாருமில்லாத வீட்டில், காதோரமாக வந்து விடுதலை செய்கிறாள். அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், அத்தைக்குத் தெரிய வேண்டும், பெரியப்பாவுக்கே கடுதாசி போட வேண்டும் என்று என்னென்னவோ திட்டம் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். என் பக்கத்து நியாயத்தை அவ்வளவு நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேனே தவிர, நான் கிழிக்கவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.