மேனேஜருக்காக நான் குரைத்தது

என் வாழ்க்கையில் நான் தேறிய முதல் இன்டர்வியூ காவல் நாய் வேலைக்கானது. அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வேலை எனக்குக் கிடைக்கவில்லை. யாருக்காகப் போனேனோ அந்த மேனேஜருக்குத்தான் கிடைத்தது. இருந்தாலும் குரைத்தவள் நான்தான் என்பதை இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

மேனேஜர் என்பது ஒரு நாய். அந்தப் பெயரை வைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. போத்தனூரிலிருந்து மூன்று மாத சாஃப்ட்வேர் படிப்புக்காக ஹைதராபாத் அமீர்பேட்டுக்கு வந்தவர், மெட்டுகுடாவில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களோடு தங்கினார். கூடப் படித்தவர்களெல்லாம் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். மாமாவுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அதே இன்ஸ்டிட்யூட்டில் வாத்தியாராகிவிட்டார். அந்த மூன்று மாதம் நான்காவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

போகிற வருகிற வழியில் அடிபட்ட நாய், சாக்கடையில் விழுந்த குட்டி என்று எதைக் கண்டாலும் மாமா தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே வைத்துக் கட்டுப் போட்டு, ஊசி போட்டு, கருத்தடை செய்து, தேறியதும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார். இதற்கு அவர் வைத்த பெயர் பிளேஸ்மென்ட். வீடு கிடைக்காத நாய்கள், ப்ராஜெக்ட் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் கம்பெனி ஆட்களைப் போல, பெஞ்சில் இருப்பதாகச் சொல்வார். அம்மா கோழிக் கழுத்தும் மஞ்சளும் போட்டு ஒரு குண்டாச் சோறு பொங்கிவிட்டு, "பெஞ்சுல இருக்கறவங்களுக்கெல்லாம் சாப்பாடு ரெடி. உனக்கும் சேத்துத்தான்" என்று தம்பிக்குக் குரல் கொடுப்பாள்.

மேனேஜர் பழுப்பு நிறம். ஒரு காது மடிந்திருக்கும். ஆட்டோவில் அடிபட்டதில் பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும். கொட்டகைக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு வேலையும் செய்யாது. மற்ற நாய்களின் பங்கெல்லாம் எப்படியோ அதனிடம் வந்து சேர்ந்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர். அது குரைத்து யாரும் கேட்டதில்லை. தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குச் சொல்ல விஷயம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஏற்கெனவே இரண்டு வீட்டுக்காரர்கள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஒரு வீட்டில், கேஸ் சிலிண்டரை உருட்டும் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் போனது வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டது. இன்னொரு வீட்டில், தண்ணீர் மோட்டாரைத் திருடிக்கொண்டு போனவனுக்குத் தெருமுனைவரை வாலை ஆட்டியபடி துணைக்குப் போய்விட்டு வந்தது.

இதற்கிடையில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் புகார் எழுதிப்போட, அப்பாவை ஆபீஸில் கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொட்டகைக்குப் போனார்.

"மத்ததெல்லாம் வருது, போகுது. இது மட்டும் போயிட்டுப் போயிட்டு வருது. அடுத்த வாட்டி போனா போனதாத்தான் இருக்கோணும். திரும்பி வந்துச்சுன்னா கொட்டகையப் பிரிச்சுருவேன் மாப்ள. நீயும் வேற ரூம் பாத்துக்கோ."

மாமா தலையைச் சொறிந்தபடி, "சரிங்க மச்சான்" என்றார். மாமாவும் கொட்டகையும் இல்லாத வீட்டில் என்னையும் கணக்குப் புத்தகத்தையும் தவிர வேறு என்ன இருக்கும்?

மாமாவின் இன்ஸ்டிட்யூட்டில் பாடத்தோடு இன்னொரு கலையும் உண்டு. அனுபவம் இல்லாதவனுக்கு பயோடேட்டாவில் அனுபவத்தை ஒட்டுப்போட்டுக் கொடுப்பார்கள். போனில் இன்டர்வியூ வந்தால், விஷயம் தெரிந்த வேறொருவன் பதில் சொல்வான். அதற்குப் பெயர் ப்ராக்ஸி. தனக்காக அப்படி எதுவும் செய்துகொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர் மாமா. அதனால்தான் இன்னும் வாத்தியாராக இருக்கிறான் என்பாள் அம்மா. அப்படிப்பட்டவர் மேனேஜருக்காகக் கொள்கையை ஒரே நாளில் மூட்டை கட்டிவிட்டார். "மூன்று வருடக் காவல் அனுபவம். உடனே சேரத் தயார்" என்று போட்டோவோடு வாட்ஸப்பில் போட்டார்.

குஷாய்குடாவிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். அங்கே இருக்கும் பெரிய தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழர்தான், ஆனால் அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். அதனால் தமிழில் பாதி ஹைதராபாத் கலந்திருந்தது.

"காவலுக்கு வேணும் பா. மடியில வெச்சுக் கொஞ்சற கேஸெல்லாம் நக்கோ, வேணாம். எங்க, ஒருவாட்டி குரைக்கச் சொல்லு, கேக்கறேன்."

மாமா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் காலை நக்கிக்கொண்டிருந்தது. மாமா என்னைப் பார்த்தார்.

சாயங்காலமெல்லாம் அந்தக் கொட்டகையிலேயே கிடந்தவள் நான். எந்த நாய் பசிக்கு எப்படிக் குரைக்கும், தபால்காரருக்கு எப்படிக் குரைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. போனுக்குப் பக்கத்தில் போய், அடிவயிற்றிலிருந்து மூன்று முறை குரைத்தேன். அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "புதுசா எந்த நாயப் புடிச்சுட்டு வந்தே?" என்று மாமாவை அதட்டினாள். போனில் பெரியவர் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, "கம்பீரமா இருக்கு. ஞாயித்துக்கிழமை நேர்ல வரேன்" என்றார் பெரியவர்.

"தமிழ்ல கேட்டா ஹிந்தியில பதில் சொல்றவ, நாய் பாஷை மட்டும் எப்புடிடி இத்தன சுத்தமா வருது?" என்று அம்மா அங்கலாய்த்தாள். மாமா என் தலையில் கைவைத்து, "அம்மிணி, உன்ன எங்க இன்ஸ்டிட்யூட்ல சேத்தா அத்தன பேருத்துக்கும் வேல கிடைச்சுரும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நேர் இன்டர்வியூவுக்கு ஒத்திகை ஆரம்பித்தது. மாமா ஒரு உஸ்மானியா பிஸ்கட்டை மேலே தூக்கிக் காட்டுவார். மேனேஜர் வாயைத் திறக்கும். அந்த நேரம் பார்த்து, நீலத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நான் குரைக்க வேண்டும். சில சமயம் வாய் மூடிய பிறகு சத்தம் வரும். சில சமயம் சத்தம் வந்த பிறகு வாய் திறக்கும். அப்பா வாசல்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இந்தக் கூத்தையெல்லாம் தான் பார்க்கவே இல்லை என்ற பாவனை. ஒரு தடவை பேப்பரை இறக்காமலே, "ஒரு செகண்டு லேட்டு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார். இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தது என்று கேட்டார். ஒரு குடோனில் என்றார் மாமா. ஏன் விட்டது என்றதற்கு, "குடோன மூடிட்டாங்க சார்" என்றார். அதன் பிறகு, புது ஆளைக் கண்டால் என்ன செய்யும் என்று கேள்வி வந்தது. மாமா பிஸ்கட்டைத் தூக்கினார். மேனேஜர் வாயைத் திறந்தது. நான் குரைத்தேன். அப்படிப் பொருந்தியதே இல்லை. வாசல்படியில் அப்பாவின் பேப்பர் ஒருமுறை சிலிர்த்தது.

"இன்னொரு வாட்டி" என்றார் பெரியவர். இந்த முறை மாமாவின் கையிலிருந்து பிஸ்கட் நழுவி விழுந்துவிட்டது. டிரம்முக்குப் பின்னால் கண்ணை மூடிக் குரைக்கத் தொடங்கியிருந்த எனக்கு அது தெரியவில்லை. பெயரை நிலைநாட்டும் வெறியில் நான் பாட்டுக்கு நீளமாகக் குரைத்துக்கொண்டே போனேன். மேனேஜர் நிதானமாக பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, டிரம்மைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாப்பிட்டுக்கிட்டே குரைக்குதே. இது பெரிய டாலன்ட் பா. நான் எடுத்துக்கறேன்."

வீட்டைப் பார்க்காமல் மாமா எந்த நாயையும் கொடுப்பதில்லை. அன்றைக்கே மேனேஜரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே போனோம். கேட்டுக்குத் தாழ்ப்பாளே இல்லை, காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. வாசல் கதவைச் சாத்தாமலே வந்திருந்தார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆறு நாற்காலி. ஐந்தில் பழைய பேப்பர் குவிந்து கிடந்தது. டிவி யாருக்காகவோ சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. இங்கே மேனேஜர் எதைக் காவல் காக்க வேண்டும் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். மாமா என் தொடையில் கிள்ளினார்.

"நிறைய இருக்கு பேட்டா" என்ற பெரியவர், எங்கே இருக்கிறது என்று தானும் தேடுகிறவர் போல ஒரு சுற்றுப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து தினம் சாயங்காலம் அவரிடமிருந்து போன். மணி அடிக்கும்போதே மாமாவின் முகம் வெளிறிவிடும். ஒரு நாள், குரைக்கவே இல்லை என்றார். புது இடம், ப்ரொபேஷன் முடியட்டும் என்று மாமா சமாளித்தார். பால்காரனைக் கண்டால் மல்லாந்து படுத்துக்கொள்கிறது, தன் உப்புமாவில் பாதியைத் தின்றுவிடுகிறது, இடி இடித்தால் போர்வைக்குள் வந்துவிடுகிறது என்று ஒவ்வொரு நாளும் புகார் நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "வேணும்னா திருப்பிக் கொண்டாந்து விட்டுருங்க சார்" என்று மாமா சொல்லியே விட்டார்.

"கைக்கு, எதுக்கு? நக்கோ நக்கோ! நான் சும்மா சொன்னேன் பா" என்று அந்தப் பக்கம் பதறியது.

அதற்குப் பிறகும் போன் வருவது நிற்கவில்லை. அப்பா வேலையிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால், "குஷாய்குடா போன் வந்துச்சா? இன்னைக்கு என்ன பண்ணுச்சாமா?" என்று கேட்க ஆரம்பித்தார். கொட்டகையைப் பிரிக்கும் பேச்சு மெல்ல அடங்கிவிட்டது.

பொங்கலுக்கு அம்மா சுட்ட முறுக்கை எடுத்துக்கொண்டு மாமாவும் நானும் அங்கே போனோம். கேட்டைத் தள்ளினேன், திறக்கவில்லை. புதிதாகத் தாழ்ப்பாள் வைத்து, அதற்கு ஒரு பூட்டும் போட்டிருந்தது. மேனேஜர் உருண்டு திரண்டு காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தது. பின்னாலேயே பெரியவர் சாவியோடு வந்து, திறந்து, எங்களை உள்ளே விட்டு, மறுபடி பூட்டி, இழுத்தும் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே ஒரு நாற்காலியில் மட்டும் பேப்பரைக் காணோம். மேனேஜர் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் என் பக்கம் திரும்பினார். "எங்க பேட்டா, ஒருவாட்டி குரை. அன்னிக்கு டிரம்முக்குப் பின்னாடி இருந்து ஜோரா குரைச்சியே."

மாமாவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. "காலம் பூரா ஆளெடுத்தவன் பா நான். ப்ராக்ஸி தெரியாதா எனக்கு?" என்று பெரியவர் அவர் முதுகைத் தட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கேட்டுவிட்டாரே என்று குரைத்தேன். உடனே மேனேஜர் பிஸ்கட்டுக்காக வாயைத் திறந்தது. பெரியவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

திரும்பி வரும்போது, குரைக்காது என்று தெரிந்தும் ஏன் எடுத்துக்கொண்டார் என்று மாமாவைக் கேட்டேன். மாமா ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அவருக்கு வேணுமா இருந்துச்சு கண்ணு" என்றார். அது எனக்குப் பதிலாகவே படவில்லை. எனக்குக் கவலையெல்லாம் அந்தப் பூட்டைப் பற்றித்தான். நாய் வைத்திருக்கிற வீட்டுக்குப் பூட்டு எதற்கு? மேனேஜரை நம்ப முடியாமல்தான் பூட்டிவிட்டார், நான் அத்தனை பாடுபட்டுக் குரைத்தது வீண் என்று மெட்டுகுடா வரும்வரை எனக்கு மனசே ஆறவில்லை. அந்த வீட்டில் அதுவரை காவல் காக்க ஒன்றுமே இருந்ததில்லை என்பதும், பூட்டி வைத்துக்கொள்ளும்படி ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது என்பதும் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.