தண்ணீர் பார்க்கும் படம்

மதுவை முகர்ந்துகூடப் பார்த்திராத நான், அறுபத்தெட்டாம் வயதில் குடிகாரன் எனப் பெயரெடுத்தேன். காரணம் என் நடை. கால்கள் விறைத்துத் தரையில் இழுபட்டன. நாக்கு தடித்துச் சொற்கள் குழைந்தன. மதுக்கடைகளுக்குக் குறைவில்லாத எங்கள் பாகூர்ப் பக்கத்தில், தள்ளாடுபவனைப் பார்த்து எவரும் நரம்பை நினைப்பதில்லை.

முதுகலை படித்தவன் என்பதால் ஊரில் எனக்கு ‘எம்.ஏ.’ என்றே பெயர். குருவிநத்தம் பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் என் காதுபடவே சொன்னான்: “எம்.ஏ.வுக்கு காலையிலயே ஏறிடுச்சு பாருடா.”

“படிச்சவருபா. அளவாத்தான் போடுவாரு,” என்றான் பக்கத்தில் நின்றவன்.

முதலில் எடுத்த சாதாரண ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. மூளையில் குறையில்லை என்ற செய்தி, ஊர் ஏற்கெனவே எழுதிவிட்ட தீர்ப்பை உறுதிப்படுத்தவே பயன்பட்டது. பின்னர் நகரத்து மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் வேறு வகைப் படம் எடுக்கச் சொன்னார்.

“இதுல மூளைக்குள்ள தண்ணி எப்படிப் போவுதுன்னு பாப்போம்,” என்று அவர் தொடங்கியதுமே என் மனைவி குறுக்கிட்டாள்.

“தண்ணிலாம் அவரு தொட்டதே இல்லம்மா. ஊருல சொல்றத நீங்களும் நம்பாதீங்க.”

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அந்தத் தண்ணி இல்லம்மா. நெசமான தண்ணி. நரம்பு நல்லா இருந்தா அது இழையோட நெடுக ஒழுங்காப் போவும். நரம்பு கெட்டா கண்டபடி சிதறும்.”

ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் அசையாமல் கிடந்தபோது, ஒரு குறை தென்பட வேண்டும் என்றே விரும்பினேன். தென்பட்டது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை திரையில் நீல நிறமாகத் தெரிந்தது; இருபுறமும் மெலிந்திருந்தது. மற்றச் சோதனைகளும் அதற்கு ஒத்துப்போயின. இந்த நரம்பு நோய் குணமாகாது, மெல்ல மெல்ல முற்றும் என்றார் மருத்துவர். குடும்பத்தில் தொடர்வது மிக அரிது என்றும் சொன்னார். என் மானம் காப்பாற்றப்பட்டதாக எண்ணி, படத்தின் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீடு சேர்ந்ததும் மனைவி அதை வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினாள்.

“இன்னாத்துக்கு ஒளிக்கிற? ஊருக்குக் காட்டணும்.”

“காட்டி? குடிக்கிறாருன்னா நாலு நாள் பேசுவாங்க. நரம்பு வியாதின்னா நம்ம பொண்ணக் கேட்டு எவன் வருவான்? அடுத்த வாரம் கடலூர்ல இருந்து வராங்க.”

“பரம்பரையா வராதுன்னு டாக்டரே சொன்னாங்களே.”

“உங்களுக்குச் சொன்னாங்க. ஊருக்கா சொன்னாங்க?”

நாற்பதாண்டுகள் வகுப்பில் பேசியே வாழ்ந்த நான், உறை வெளியே தெரியாதபடி டிரம்மைச் சுவரோடு நகர்த்திவைத்தேன்.

கடலூர்க்காரர்கள் வந்தார்கள். சம்பந்தம் பேசி முடிந்தது. இரு வீட்டாரும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். பின்னர் மாப்பிள்ளையின் தகப்பனார் என் தோளில் கைவைத்து ஓரமாக அழைத்துச் சென்றார். என் நடையை அவர் வந்ததிலிருந்தே கவனித்திருக்க வேண்டும்.

“சம்பந்தி, நமக்குள்ள இன்னா கூச்சம். கூட வந்த பசங்க கேக்கறாங்க. இங்க எந்தக் கடையில சரக்கு நல்லா இருக்கும்? உங்களுக்குத் தெரியாததா?”

உள்ளே மகள் சிரிக்கும் குரல் கேட்டது. பேருந்திலிருந்து பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த மதுக்கடைப் பெயர்ப்பலகைகளில் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவந்து, குழறும் நாவால் அவருக்கு வழி சொன்னேன்.