இரண்டு கிராம் கூடுதல்

இது நடந்தது. என் மனைவி இதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. ஆனால், காய்ந்த துணியை எடுக்கக்கூட இப்போது அவள் பின்னறைக்குத் தனியாகப் போவதில்லை. சாட்சிக்கு எங்கள் தலைவரையே கூப்பிட்டிருப்பேன். அவர் வெளியே போயிருக்கிறார்.

முதலில் கிளப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டயர் கடைக்கு மேலே, மாடியில் ஒரு நீளமான அறை. அதில் பெரிய மரப்பலகை, பலகையில் எட்டு வடிவத்தில் ஒரு பாதை. பாதை நெடுகப் பள்ளமாக ஒரு கோடு ஓடும். உள்ளங்கை நீளக் காரின் அடியில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அது அந்தக் கோட்டில் இறங்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் செம்புப் பட்டை, அதில் மின்சாரம். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு விசை. அழுத்தினால் கார் ஓடும், விட்டால் நிற்கும். மொத்த விளையாட்டும் இவ்வளவுதான். இதற்கு ஒன்பது உறுப்பினர்கள், அதில் ஏழு பேர் பொறுப்பாளர்கள். மிச்சம் இருவரில் ஒருவன் நான். இன்னொருவர் குடிபெயர்ந்து போய் நாளாகிறது; பட்டியலிலிருந்து பெயரை இன்னும் அடிக்கவில்லை.

தலைவர் கனமான மனிதர். எல்லா வகையிலும். பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடியும் மின்னணுத் தராசும் இருக்கும். எங்கள் கார்கள் நிஜக் காரில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்பதால், உலகத்தையே அவர் முப்பத்திரண்டால் பெருக்கித்தான் பார்ப்பார். பாதையில் ஒரு கொசு உட்கார்ந்தால், "நிஜ அளவுல இது மைனா" என்பார். நாங்கள் தலையாட்டுவோம். ஆட்டாதவர் பொறுப்பில் நீடித்ததில்லை.

காரின் மேற்கூடு இருபது கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவர் தலைவர், அளப்பவரும் அவரே. என் கார் ஏற்கெனவே இரண்டு முறை நிராகரிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது முறையும் அப்படியானால் கிளப்பிலிருந்து நீக்கம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் நான் செயற்கைப் பல் செய்கிறவன். வாரத்தில் ஆறு நாள், முகம் தெரியாத மனிதர்களின் வாயோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கென்று இருந்தது அந்த ஒரு சனிக்கிழமை மாலைதான். அது போய்விடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவே.

அப்போதுதான் பழைய சாமான் கடையில் அந்தப் பெட்டி கிடைத்தது.

பல வருடங்களுக்கு முன்பே தயாரிப்பு நின்றுபோன, பாகங்களை வெட்டி ஒட்டிச் செய்கிற மாடல் கிட். மலைப் பாதைகளில் நெடுந்தூரப் பந்தயம் ஓடுகிற வகைக் கார். அதில் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் இருப்பவர் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன வளைவு என்று சொல்லிக்கொண்டே வருவார். பெட்டியில் எல்லா பாகங்களும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டப்படாமல் அப்படியே இருந்தன. ஓட்டுநர் பொம்மையும் இருந்தது. வழி சொல்கிறவர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும்... வெட்டிய தழும்பு.

"ஒரு ஆள் குறையுதே" என்றேன்.

"ஒரு வீட்டைக் காலி பண்ணினாங்க சார், அதுல வந்தது. ஆள் கணக்கெல்லாம் நான் பார்க்கிறதில்ல" என்றார் கடைக்காரர்.

பழைய பிளாஸ்டிக் கூடு பந்தயத்துக்குத் தாங்காது, இடித்தால் நொறுங்கிவிடும். அதனால் அதை ஒட்டி, தேய்த்து, மூலமாக வைத்து, சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்தேன். அந்த அச்சில் ரெசின், அதாவது ஊற்றினால் இறுகிவிடும் பிசின், ஊற்றினால் புதுக் கூடு வந்துவிடும். பல்லுக்குச் செய்கிற அதே வேலைதான். குமிழி வராமல் இருக்கப் பல் லேபிலிருந்து அதிரும் மேடையைக்கூட வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன்.

"ஊர்ல இருக்கிறவங்க பல்லு போதாதா? வீட்லயும் கரைச்சு ஊத்தணுமா?" என்றாள் மனைவி.

"இது காரு."

"அதான் பார்த்தேன். பல்லுன்னா யாருக்காவது உபயோகப்படும்."

ரெசின் கூடு நன்றாக வந்தது. கண்ணாடி ஒட்டி, ஓட்டுநரை வலப்பக்கம் உட்கார வைத்து, இடப்பக்க இருக்கையைக் காலியாக விட்டு, அடியில் தட்டுப் போட்டு மூடினேன். எடை இருபத்திரண்டு கிராம். தட்டைக் கழற்றி, பின்னறையில் உட்கார்ந்து இரண்டு இரவுகள் உள்பக்கமாகச் சுரண்டினேன். கூரை நகம் அளவுக்கு மெலிந்தது. வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்குத் தட்டை மறுபடி ஒட்டி, என் தராசில் வைத்தேன். இருபது. எடுத்து மறுபடி வைத்தேன். இருபதேதான். அதைத் தராசின் மேலேயே விட்டுவிட்டு, வெகுநாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. தராசைத் தட்டினேன்.

இருபத்திரண்டு.

ஈரம் இழுத்திருக்கும் என்று நினைத்தேன். ரெசின் ஈரம் இழுக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

காபியோடு வந்த மனைவி குனிந்து பார்த்தாள். "என்னங்க, கண்ணாடில ஆவி அடிச்சிருக்கு."

இடப்பக்கக் கண்ணாடியில், உள்ளே, மிளகு அளவுக்கு ஒரு வெண்மை. ஓட்டுநர் பக்கம் சுத்தமாக இருந்தது.

"பசை காயலை" என்றேன்.

"பசையா? உள்ள யாரோ மூச்சு விட்ட மாதிரி இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜன்னல் ஓரம் வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். வெண்மை சுருங்கியது. அப்பாடா என்றிருந்தது. மறுபடி விரிந்தது. சுருங்கியது... விரிந்தது... சுருங்கியது...

சீராக.

என் மூச்சோ என்று பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். அது நிற்கவில்லை.

காரைக் காதருகே வைத்தேன். ஏதோ ஒலி. எறும்பு பேசினால் அப்படித்தான் இருக்கும். ஒரு சொல்... நிறுத்தம்... இரண்டு சொல்... நிறுத்தம். யாருக்கோ எதையோ வாசித்துக் காட்டுகிற தாளம்.

கீழே வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், தூக்கி எறியத்தான் நினைத்தேன். ஆனால் வேறு கார் இல்லை. மாலை ஆறு மணிக்குப் போட்டி. இந்த இரண்டு கிராம் எப்படியாவது தொலைய வேண்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று மனதாரக் கேட்டுக்கொண்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியாது.

மாலை. தலைவர் தராசின் முன் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். பொறுப்பாளர்கள் பொறுப்பாகச் சூழ்ந்து நின்றார்கள். என் கூட்டை இரண்டு விரலால் எடுத்து வைத்தார்.

"இருபத்திரண்டு" என்றார். குரலில் சந்தோஷம். "இரண்டு கிராம்தானேன்னு நினைப்பீங்க. முப்பத்திரண்டு மடங்கு நீளம், முப்பத்திரண்டு மடங்கு அகலம், முப்பத்திரண்டு மடங்கு உயரம். மூணையும் பெருக்கணும். நிஜத்துல எவ்வளவு தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அறுபத்தைந்தரை கிலோ. ஒரு முழு ஆளு. தம்பி ஒரு ஆளை உள்ள உட்கார வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கார்."

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

நான் காரையே பார்த்தேன்.

தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்து, காரின் இடப்பக்க ஜன்னலில் கண்ணை வைத்தார். "ஹலோ, யாருப்பா அது? எறங்குப்பா. பாவம், உன்னால இவருக்குக் கிளப்பே போயிடும் போல. என் கார்ல வர்றியா? பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு."

மறுபடி சிரிப்பு.

தராசு, இருபத்திரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது.

இருபத்தொன்றரை.

இருபத்தொன்று.

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

இருபது.

யாரும் தொடவில்லை. தலைவர் தராசைத் தட்டினார். அணைத்துப் போட்டார். இருபது. "பேட்டரி" என்றார். உடனே மற்ற ஆறு பேரும் பேட்டரி என்றார்கள். ஜன்னலைப் பார்த்தேன். ஆவி இல்லை. துடைத்து வைத்தது மாதிரி இருந்தது.

என் கார் ஏற்றுக்கொள்ளப்பட்டது. போட்டியில் கடைசிக்கு முந்தின இடம் எனக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் மிச்சத்தையும் நம்ப மாட்டீர்கள்.

எல்லாம் முடிய இரவு ஒன்பதேகால். "வாங்க, வழியில இறக்கி விடறேன்" என்றார் தலைவர். தோற்றவர்களை வீட்டில் இறக்கிவிடுவது அவர் வழக்கம். வழி முழுக்க ஏன் தோற்றோம் என்று சொல்லுவார்.

அவர் ஏறி, பெல்ட் போட்டு, இஞ்சினைக் கிளப்பினார். நான் இடப்பக்க முன்கதவுக்கு வந்தேன். கைப்பிடியில் இன்னும் கை வைக்கவில்லை.

டிங்...

டிங்...

டிங்...

பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி.

"சீட்ல பை கிய் வெச்சிருக்கீங்களா?" என்றேன்.

"இல்லையே..."

இருக்கையில் ஒன்றுமில்லை. ஆனால் மெத்தை, நடுவில்... அமுங்கியிருந்தது.

டிங்... டிங்...

நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஏன் ஏறாமல் ஓடிவிடவில்லை என்று பிறகு மனைவி கேட்டாள். தெரியவில்லை.

இடப்பக்கக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. சுருங்கியது. விரிந்தது.

தலைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கையை நீட்டி, அந்தக் காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து, மாட்டினார்.

க்ளிக்.

மணி நின்றது.

வீடு வரும்வரை தலைவர் பேசவில்லை. ஒரு சொல்கூட.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறக்கும்போதே பழைய சாமான் கடையில் நின்றேன். அந்தப் பெட்டி யாருடையது என்று கேட்டேன்.

"அவரா? அந்தக் காலத்துல பெரிய பந்தயக்காரர் சார். அந்தப் பெட்டில இருக்கிற அதே மாடல் காரைத்தான் ஓட்டினாராம். ஒரு பந்தயத்துல கூட உட்கார்ந்து வழி சொன்னவர் செத்துப்போயிட்டார். பக்கத்து சீட்டு பெல்ட்டு மாட்டலையாம். இவர் தெரிஞ்சேதான் வண்டியை எடுத்தாராம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... வருஷக்கணக்கா, கார்ல தனியா போனாலும் பக்கத்து சீட்டுக்குப் பெல்ட் போட்டுட்டுத்தான் கிளம்புவார். தெருவே சிரிக்கும். போன வருஷம் எங்கேயோ ஒரு மலைப்பாதையில வண்டி மட்டும் நின்னுது. பெட்ரோல் காலி. உள்ள ஆள் இல்ல. தேடுறதை விட்டுட்டாங்க, வீட்டையும் காலி பண்ணிட்டாங்க."

தலைவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்தார். ஓடுகிற வண்டியின் இரைச்சல்.

"தலைவரே, எங்க இருக்கீங்க?"

"தெரியலை தம்பி."

"வண்டியை நிறுத்துங்க."

"இப்ப முடியாது. வளைவு வருது." அவர் குரலில் அதிகாரமே இல்லை. பணிவு இருந்தது. "சொல்ற வழியிலதான் போயிட்டிருக்கேன்."

"யாரு சொல்ற வழியில?"

பின்னால் ஒரு குரல் கேட்டது. ஒரு சொல்... நிறுத்தம். இரண்டு சொல்... நிறுத்தம். இந்த முறை எறும்பு அளவில் இல்லை.

"இடது." ... "நேர்." ... "கடும் இடது."

"சரிங்க" என்றார் தலைவர். என்னிடம் அல்ல.

இணைப்பு அறுந்தது.

நான்கு நாளாகிறது. அவர் வீட்டார் புகார் கொடுத்திருக்கிறார்கள். கிளப்பில் தற்காலிகத் தலைவர் யார் என்று பொறுப்பாளர்களுக்குள் சண்டை நடக்கிறது.

இன்று காலை பின்னறையைத் திறந்தேன். கார் நான் வைத்த இடத்தில், தராசின் மேல் இருந்தது. ஆவி இப்போது இரண்டு பக்க ஜன்னலிலும்.

இருபத்தைந்து கிராம்.

ஐந்து கிராம் கூடுதல். இரண்டு கிராம் யார் என்று தெரியும். மிச்சம் மூன்று. முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு... மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன்.

தொண்ணூற்றெட்டு கிலோ.

எங்கள் கிளப்பில் அவ்வளவு கனமானவர் ஒருவர்தான்.